செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி, 1952–2009

செங்கல்பட்டு மக்களவைத் தொகுதி 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலோடு பிறந்தது. 2004 தேர்தல்தான் அதன் கடைசித் தேர்தல். 2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பு அதை வரைபடத்திலிருந்து நீக்கியது. 2009 மே மாதத்தில் வாக்குச்சாவடிக்குச் சென்றவர்களுக்கு அந்தப் பெயரில் தொகுதி இல்லை. இடைப்பட்ட காலத்தில் பதினான்கு பொதுத் தேர்தல்களை அது பார்த்திருக்கிறது.

கலைக்கப்பட்ட காலத்தில் அதற்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் ஆகியவை பொதுத் தொகுதிகள். திருப்போரூரும் அச்சிறுபாக்கமும் தனித் தொகுதிகள். ஏரிப் பாசனமும் பாலாற்று மணலும் நெசவுத் தறியும் கலந்த பகுதி அது. தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகும் ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் அதை வடக்கு தெற்காக வகுந்து சென்றன. தாம்பரமும் ஆலந்தூரும் அப்போது தென் சென்னை மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. வருவாய்த் துறைக் கணக்கில் தாம்பரம் நெடுங்காலம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். மக்களவைக் கணக்கிலோ மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் பங்காளி. தாம்பரத்தார் வரிக்கும் பட்டாவுக்கும் ஒரு பக்கமும் எம்.பி.க்கு இன்னொரு பக்கமும் பார்த்திருந்த இந்தப் பிளவு, கடைசியில் தொகுதி ஏன் மறைந்தது என்பதற்கும் ஒரு காரணம்.

இந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றில் முதலில் கண்ணில் படுவது, அது காற்றின் திசையைத் தப்பாமல் காட்டியது என்பதே. 1967 முதல் 2004 வரை நடந்த பதினொரு தேர்தல்களில் ஒன்றில்கூட, தமிழ்நாட்டில் அதிக இடங்களைப் பிடித்த அணிக்கு எதிராகச் செங்கல்பட்டு வாக்களிக்கவில்லை. 1952-லும் 1962-லும் மாநிலத்தில் முந்திய காங்கிரஸே இங்கும் வென்றது. மீறியது ஒரே ஒரு முறை, 1957-ல். அந்த ஒரு மீறலைப் புரிந்துகொள்பவருக்கு மற்ற பதின்மூன்று முடிவுகளும் பாதி விளங்கிவிடும்.

முதல் தேர்தலில் இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் நிலப்பரப்பில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று இரண்டு மக்களவைத் தொகுதிகள் இருந்தன. செங்கல்பட்டில் காங்கிரஸின் ஓ. வி. அழகேசன் வென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த அவர், நேரு அமைச்சரவையில் ரயில்வே, போக்குவரத்துத் துறைகளின் துணை அமைச்சரானார். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் நிலைமை வேறு. அங்கே வென்றவர் காமன்வீல் கட்சியின் டாக்டர் ஏ. கிருஷ்ணசாமி.

காமன்வீல் கட்சியை இன்று பலர் மறந்துவிட்டார்கள். எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பகுதி வன்னியர்களை அடித்தளமாகக் கொண்டு எழுந்த கட்சி அது. தென் ஆற்காட்டில் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியார் நடத்திய உழைப்பாளர் கட்சிக்கு அண்ணன் தம்பி போன்ற உறவு. 1952-ல் காமன்வீல் கட்சிக்கு ஆறு சட்டமன்ற இடங்களும் காஞ்சிபுரம், வேலூர், வந்தவாசி என மூன்று மக்களவை இடங்களும் கிடைத்தன. அந்தத் தேர்தலில் நேரடியாகப் போட்டியிடாத திமுக, திராவிட நாடு கோரிக்கைக்கு ஒப்புதல் தந்த வேட்பாளர்களை ஆதரித்தது. காமன்வீல் கட்சியும் அந்த ஆதரவைப் பெற்றது. சென்னை ராஜ்யத்தின் 75 மக்களவை இடங்களில் காங்கிரஸ் 35-ஐத்தான் பிடிக்க முடிந்தது. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லாத நிலையில் ராஜாஜி முதலமைச்சரானபோது மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். காமராசர் காலத்தில் படையாட்சியாரும் அமைச்சரவையில் சேர்ந்தார். இரண்டு கட்சிகளும் கரைந்தன. அவை திரட்டிய வாக்குகள் கரையவில்லை என்பது நாற்பது ஆண்டுகள் கழித்து இதே தொகுதியில் தெரிந்தது.

கிருஷ்ணசாமி வன்னியர் அல்லர். நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு ராமசாமி முதலியாரின் மகன். பொருளாதாரம் படித்தவர். மத உரிமைகளில் காட்டப்படும் பாகுபாடு குறித்து ஐக்கிய நாடுகள் அவையின் துணைக்குழு ஒன்றுக்காக அவர் தயாரித்த ஆய்வு 1960-ல் வெளிவந்து, அந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு சாதிக் கட்சி மற்றொரு சாதியைச் சேர்ந்த படித்த மனிதரை நிறுத்தி வெற்றி பெற்றதை, அந்தக் காலத் தேர்தல் கணக்கு எவ்வளவு நெகிழ்வானது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பின்னாளில் அந்த நெகிழ்வு சுருங்கிவிட்டது.

1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். எழும்பூரிலிருந்து புறப்பட்ட அந்த வண்டி முந்தைய இரவு தாம்பரத்தையும் செங்கல்பட்டையும் கடந்துதான் சென்றிருந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அது நாடு முழுவதும் மெச்சப்பட்டது. துணை அமைச்சர் அழகேசனுக்கு அந்த மெச்சுதல் வாய்க்கவில்லை. திமுகவினர் அவர் பெயரையும் அரியலூரையும் எதுகை சேர்த்து, ஆண்டது போதாதா என்று கேட்கும் சுவரொட்டிகளைத் தமிழ்நாடெங்கும் ஒட்டினார்கள். தமிழ்நாட்டுத் தேர்தல் சுவரொட்டிகளின் வரலாறு எழுதப்பட்டால் அதன் முதல் பக்கங்களில் இடம்பெற வேண்டியது அது. விபத்துக்கும் அடுத்த பொதுத் தேர்தலுக்கும் இடையே சில மாதங்களே இருந்தன.

மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த பின் நடந்த 1957 தேர்தலில் காஞ்சிபுரம் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி இல்லை. செங்கல்பட்டு இரட்டை உறுப்பினர் தொகுதியாக மாறியிருந்தது. ஆரம்பத்திலும் பின்னாளிலும் ஒற்றை உறுப்பினரையே அனுப்பிய தொகுதிக்கு அந்த ஐந்தாண்டு ஒரு விலக்கு. இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஓர் இடம் பொது, மற்றது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது.

அன்றைய வாக்குச்சாவடியின் நடைமுறை இன்று பார்ப்பவருக்கு விசித்திரமாக இருக்கும். வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. திரைக்குப் பின்னால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. அதன்மேல் அவர் சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். வாக்காளர் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், விருப்பமான பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எழுத்தறியாதவருக்கு இதைவிட எளிய முறை இல்லை. ஆனால் இரட்டை உறுப்பினர் தொகுதியில் இரண்டு சீட்டுகளை இரண்டு வெவ்வேறு பெட்டிகளில் போட வேண்டும். ஒரே பெட்டியில் போட்டால் ஓர் ஓட்டு வீண். ஆகவே கட்சிகளும் வேட்பாளர்களும் வாக்காளருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது ஒரு சின்னத்தை அல்ல, ஒரு ஜோடியை. யாரோடு யார் ஜோடி சேர்கிறார் என்பதிலேயே பாதித் தேர்தல் முடிந்துவிடும்.

1957-ல் செங்கல்பட்டின் இரண்டு இடங்களையும் காங்கிரஸ் இழந்தது. பொது இடத்தில் கிருஷ்ணசாமி, இம்முறை சுயேச்சையாக, வென்றார். தாழ்த்தப்பட்டோர் இடத்தில் வென்றவர் என். சிவராஜ். மாநிலம் முழுவதும் 41 மக்களவை இடங்களில் 31-ஐக் காங்கிரஸ் அள்ளிய ஆண்டு அது. காமராசர் செல்வாக்கின் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். திமுகவுக்கு அப்போது தேர்தல் ஆணைய அங்கீகாரம் கிடையாது. அதன் வேட்பாளர்களும் கணக்கில் சுயேச்சைகளாகவே எண்ணப்பட்டார்கள். காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் அண்ணாதுரை வென்று முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்ததும் அந்தத் தேர்தலில்தான்.

சிவராஜைச் செங்கல்பட்டின் உறுப்பினர்களில் ஒருவராக இன்று நினைவுகூர்பவர்கள் குறைவு. சென்னைச் சட்டக் கல்லூரிப் பேராசிரியர். 1945-ல் சென்னை மேயர். அம்பேத்கர் 1942-ல் உருவாக்கிய அகில இந்திய தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பின் தலைவர். அம்பேத்கர் மறைந்த மறு ஆண்டில் இந்தியக் குடியரசுக் கட்சி அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே. அதாவது 1957-ன் இறுதியில், நாட்டின் முக்கியமான தலித் கட்சியின் அகில இந்தியத் தலைவர் செங்கல்பட்டு எம்.பி.யாக இருந்தார். அவருடைய மனைவி மீனாம்பாள் சிவராஜும் தமிழகப் பொதுவாழ்வில் தனி இடம் பெற்றவர். இந்தத் தொகுதி டெல்லிக்கு அனுப்பியவர்களில் எடைமிக்கவர் யார் என்று கேட்டால், அமைச்சர்களை விட்டுவிட்டு சிவராஜைச் சொல்வதே நியாயம்.

இரட்டை உறுப்பினர் முறை நீடிக்கவில்லை. ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் அதே 1957-ல் பொது இடத்திலும் பழங்குடி வேட்பாளரே அதிக வாக்குகள் பெற்றுவிட, தோற்ற வி. வி. கிரி நீதிமன்றம் போனார். தனி இடத்துக்கு நின்றவர் பொது இடத்திலும் வெல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் வரை தீர்ப்பானது. அந்த வழக்கோடு பெரிய தொகுதிகளின் நிர்வாகச் சிரமமும் சேர்ந்து, 1961-ல் சட்டம் இயற்றப்பட்டு இரட்டைத் தொகுதிகள் ஒழிந்தன. செங்கல்பட்டு மீண்டும் ஒற்றை உறுப்பினர் தொகுதியாகவும் பொதுத் தொகுதியாகவும் ஆனது. அதன் பிறகு தாழ்த்தப்பட்ட சமூகத்தவருக்கு இந்தப் பகுதியில் மக்களவை இடம் ஒதுக்கப்பட அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1962-ல் பெட்டிகள் போய், சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது. அழகேசன் செங்கல்பட்டின் உறுப்பினராகத் திரும்பினார். அதே தேர்தலில் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் அண்ணாதுரை, பேருந்து முதலாளி எஸ். வி. நடேச முதலியாரிடம் தோற்றார். காங்கிரஸுக்கு இந்த மண்ணில் அது கடைசிப் பெரிய மகிழ்ச்சி.

மூன்றாண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1965 ஜனவரி இறுதியில் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போராட்டம் பிப்ரவரியில் துப்பாக்கிச் சூடுகளாக முற்றியது. மத்திய அமைச்சரவையில் இருந்த சி. சுப்பிரமணியமும், பெட்ரோலியம், ரசாயனத் துறை இணை அமைச்சராக இருந்த அழகேசனும் பிப்ரவரி 11 அன்று பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி அவற்றைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்ப, அவர் ஏற்கவில்லை. அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். ஒரு மாநிலத்தின் கொந்தளிப்பு டெல்லியின் மொழிக் கொள்கையைத் திருப்பிய அந்த நாளில், செங்கல்பட்டு எம்.பி.யின் கடிதத்துக்கும் பங்கு உண்டு. தொகுதி அதற்கு நன்றி காட்டவில்லை என்பது வேறு விஷயம். அழகேசன் பிறகு எத்தியோப்பியாவுக்குத் தூதராகப் போனார். 1971-ல் திருத்தணியிலிருந்தும் 1977-ல் அரக்கோணத்திலிருந்தும் மக்களவைக்குச் சென்றார். செங்கல்பட்டுக்கு அவர் மீளவில்லை.

1967-ல் திமுக மாநிலத்தில் 25 மக்களவை இடங்களை வென்றது. காங்கிரஸுக்கு மிஞ்சியது மூன்று. செங்கல்பட்டில் வென்ற சி. சிட்டிபாபு சென்னை மேயராக இருந்தவர். 1971-ல் இந்திரா காங்கிரஸோடு திமுக சேர்ந்து நின்ற தேர்தலில் மீண்டும் அவரே. அடுத்தடுத்து இரண்டு முறை இந்தத் தொகுதியில் வென்ற முதல் மனிதர் அவர். அவருடைய இரண்டாவது பதவிக்காலம் ஐந்தாண்டுக்கு மேலும் நீண்டது. நெருக்கடி நிலையில் மக்களவையின் ஆயுள் நீட்டிக்கப்பட்டதே காரணம். அந்த நீட்டிப்பை அவர் சிறையில் கழித்தார்.

1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. அடுத்த நாட்களில் திமுகவினர் நூற்றுக்கணக்கில் மிசா சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டுச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். சிட்டிபாபு பதவியில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர். அது அவரைக் காக்கவில்லை. சிறைக்குள் நடந்த தாக்குதலில், இளைஞராக இருந்த மு. க. ஸ்டாலின்மேல் விழ இருந்த அடிகளைக் குறுக்கே நின்று அவர் வாங்கிக்கொண்டார் என்று ஸ்டாலினே பலமுறை சொல்லியிருக்கிறார். உடல்நலம் குன்றி 1977 ஜனவரியில் சிட்டிபாபு இறந்தார். அவர் சிறையில் எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வந்தது. சிறையில் மிசா கைதிகள் நடத்தப்பட்ட விதத்தை நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்து, அவர்கள் அடிக்கப்பட்டது உண்மை என்று அறிக்கை தந்தது. இறந்தவர் உறுப்பினராக இருந்த மக்களவை அதே ஜனவரியில் கலைக்கப்பட்டு, மார்ச்சில் தேர்தல் வந்தது.

இப்படி ஓர் உறுப்பினரைப் பறிகொடுத்த தொகுதி, அடுத்த தேர்தலில் அனுதாபத்தால் திமுகவுக்கே வாக்களித்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது அது அல்ல. 1977-ல் அதிமுகவின் இரா. மோகனரங்கம் வென்றார். அதிமுக, காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் அணி மாநிலத்தில் 34 இடங்களை எடுத்தது. வட இந்தியா இந்திரா காந்தியைத் தூக்கியெறிந்த அதே வாரத்தில் செங்கல்பட்டு அவருடைய கூட்டாளியைத் தேர்ந்தெடுத்தது. எம்.ஜி.ஆர். என்ற காற்றின் முன்னால் சிறைச் சாவு எடுபடவில்லை. இந்தத் தொகுதியின் வாக்காளர் தம் ஊர்க் கணக்கைவிட மாநிலக் கணக்கையே பார்த்தார் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

1980-ல் திமுகவும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து 39-ல் 37 இடங்களைப் பிடித்தன. செங்கல்பட்டில் இரா. அன்பரசு கைச் சின்னத்தில் வென்றார். காங்கிரஸுக்கு இத்தொகுதியில் அதுவே கடைசி வெற்றி. அன்பரசு பின்னர் மத்திய சென்னைக்கு மாறி அங்கே இருமுறை வென்றார்.

1984 டிசம்பரில் இந்திரா கொலையுண்ட துக்கமும், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்த எம்.ஜி.ஆர். மீதான கவலையும் ஒன்றுசேர்ந்தன. உத்திரமேரூர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த எஸ். ஜெகத்ரட்சகன் அதிமுக சார்பில் மக்களவைக்குப் போனார். தாம்பரத்துக்காரர்களுக்கு அவரைச் சேலையூர் பாரத் கல்லூரியின் நிறுவனராகத் தெரியும். 1989-ல் காஞ்சி பன்னீர்செல்வம், 1991-ல் எஸ். எஸ். ஆர். ராஜேந்திரகுமார், இருவரும் அதிமுக. 1991 மே 21 இரவு பக்கத்துத் தொகுதியான ஸ்ரீபெரும்புதூரில், மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க வந்த ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தள்ளிவைக்கப்பட்ட தேர்தல் ஜூன் 15-ல் நடந்தபோது 39 இடங்களும் ஒரே அணிக்குப் போயின. அந்த நிலையில் எந்தத் தொகுதியின் முடிவையும் தனியாக ஆராய்வதில் பொருள் இல்லை.

ஆனால் ஆராய வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆண்டுகளில் காங்கிரஸும் அதிமுகவும் பங்கிட்டுக்கொண்ட கணக்கில் மக்களவை இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரஸுக்கு, சட்டமன்றத்தில் அதே அளவு அதிமுகவுக்கு. அதிமுக வென்றது 1984-ல் பன்னிரண்டு, 1989-லும் 1991-லும் தலா பதினொன்று மக்களவை இடங்கள் மட்டுமே. அந்தக் கைப்பிடி இடங்களுக்குள் மூன்று முறையும் செங்கல்பட்டு இருந்தது. மாநிலத்தின் முக்கால்வாசித் தொகுதிகளை விட்டுக்கொடுக்கத் தயங்காத கட்சி இதை மட்டும் விடவில்லை. அண்ணா பிறந்த காஞ்சிபுரம் இதற்குள் இருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் கிளை பரப்பிய கட்சி அமைப்பு வலுவாக இருந்தது, பெரும்பாலும், பெரிய காரணம்.

காஞ்சி பன்னீர்செல்வத்தின் கதை தனி. 1998-ல் அதிமுக, பாஜக, பாமக, மதிமுக அணி 30 இடங்களைப் பிடித்தபோது அவர் மீண்டும் வென்றார். அவர் இருந்த ஒன்பதாவது மக்களவையும் பன்னிரண்டாவது மக்களவையும் பாதியில் கலைந்தவை. இரண்டு முறை வென்றும் இரண்டரை ஆண்டுகூட அவர் எம்.பி.யாக இருக்கவில்லை. இடையில் 1996-ல் திமுக, தமாகா அணி மாநிலத்தையே துடைத்தெடுத்தபோது திமுகவின் கே. பரசுராமன் இருந்த காலமும் இரண்டு ஆண்டுக்குள் முடிந்தது. 1996-க்கும் 1999-க்கும் நடுவே மூன்று எம்.பி.க்களைச் செங்கல்பட்டு பார்த்துவிட்டது.

மூன்றாவதாக வந்தவர் பாட்டாளி மக்கள் கட்சியின் ஏ. கே. மூர்த்தி. அதற்கு வழி 1987-லேயே திறந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வன்னியர் சங்கம் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடத்தியது. வட மாவட்டங்கள் முடங்கின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருபத்தொரு பேர் இறந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பாமக பிறந்தது. தனித்து நின்ற தொடக்கத் தேர்தல்களில் அதற்கு வாக்குகள் குவிந்தன, மக்களவை இடம் கிடைக்கவில்லை. 1998-ல் பெரிய அணிக்குள் நுழைந்ததும் இடங்கள் வந்தன. 1999-ல் திமுக, பாஜக அணியில் அது தமிழ்நாட்டில் வென்ற ஐந்து இடங்களில் வேலூர், வந்தவாசி, செங்கல்பட்டு மூன்றும் அடக்கம். 1952-ல் காமன்வீல் கட்சி வென்ற வேலூர், வந்தவாசி, காஞ்சிபுரத்தோடு அந்தப் பட்டியலை ஒப்பிட்டால், ஏறத்தாழ அதே நிலம் என்பது புலப்படும். இடையில் கடந்தவை 47 ஆண்டுகள்.

இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. காமன்வீல் கட்சி வென்ற பிறகு ஆளுங்கட்சியோடு சேர்ந்தது. பாமக சேர்ந்த பிறகுதான் வென்றது. முன்னது கரைந்தது, பின்னது தேர்தலுக்குத் தேர்தல் அணி மாறித் தன் விலையைக் காத்துக்கொண்டது. 2002 முதல் 2004 தொடக்கம் வரை மூர்த்தி ரயில்வே இணை அமைச்சராக இருந்தார். தொகுதியின் முதல் உறுப்பினரும் கடைசி உறுப்பினரும் ரயில்வே துறையில் இரண்டாம் நிலை அமைச்சர்கள். தாம்பரம், செங்கல்பட்டு வண்டியில் நின்றபடி வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் பெரிய ஆறுதல் இருந்திருக்காது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்ரயில் 2004-ல்தான் கடைசியாக ஓடியது.

2004-ல் பாமக திமுக, காங்கிரஸ் அணியில். வாக்குச்சாவடிகள் அனைத்திலும் மின்னணு இயந்திரம். அந்த அணி 39 இடங்களையும் எடுத்தது. மூர்த்தி மீண்டும் வென்றார். சிட்டிபாபுவுக்குப் பிறகு தொடர்ந்து இருமுறை வென்ற ஒரே உறுப்பினர் அவர்தான். பதினான்கு தேர்தல்களில் பதினோரு பேர் செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குப் போனார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை; பக்கத்துத் தொகுதிகளான ஸ்ரீபெரும்புதூர் மரகதம் சந்திரசேகரையும் தென் சென்னை வைஜயந்திமாலாவையும் அனுப்பியிருந்த காலத்திலும் இல்லை.

தொகுதியின் முடிவுக்கு வித்திட்டது புறநகரின் வளர்ச்சி. 1976-ல் வகுக்கப்பட்ட எல்லைகள் 1971 மக்கள்தொகைக் கணக்கைச் சார்ந்தவை. நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேறிய 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அவற்றை உறைய வைத்தது. எல்லை உறைந்த முப்பது ஆண்டுகளில் மக்கள் உறையவில்லை. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் நிரம்பி வழிந்தன. மறைமலைநகரில் ஃபோர்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய், பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. தாம்பரம், ஆலந்தூர், வில்லிவாக்கம் ஆகியவை மாநிலத்தின் மிகப் பெரிய சட்டமன்றத் தொகுதிகளாக வீங்கின. அச்சிறுபாக்கத்தில் ஒருவர் போட்ட ஓட்டின் மதிப்பும் தாம்பரத்தில் போட்ட ஓட்டின் மதிப்பும் ஒன்றல்ல என்ற நிலை.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுசீரமைப்பு ஆணையம் 2001 கணக்கின்படி எல்லைகளை மாற்றி எழுதியது. மொத்தம் 39, அதில் தனித் தொகுதிகள் ஏழு என்பது மாறவில்லை. எவை தனி என்பது மாறியது. அச்சிறுபாக்கம் மறைந்து செய்யூர் வந்தது. திருப்போரூர் பொதுவானது, மதுராந்தகம் தனியானது. செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் ஆகிய ஆறும் சேர்ந்து காஞ்சிபுரம் தனித் தொகுதி ஆயின. பழைய செங்கல்பட்டுத் தொகுதியின் நிலம் பெரும்பாலும் அப்படியே அதில் இருக்கிறது. போனது பெயர்; வந்தது இட ஒதுக்கீடு. 1952-க்குப் பிறகு காணாமல் போயிருந்த காஞ்சிபுரம் என்ற மக்களவைத் தொகுதிப் பெயரும், 1957-ல் சிவராஜ் வென்றது போன்ற ஒதுக்கீடும் ஒரே ஆணையில் திரும்பின.

மறுபுறம், தனித் தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் பொதுவாகி, தாம்பரம், ஆலந்தூர், புதிதாகப் பிறந்த பல்லாவரம் ஆகியவற்றையும் மதுரவாயல், அம்பத்தூர் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டது. காஞ்சிபுரத்தில் நிற்க முடியாமல் போன பழைய புள்ளிகள் அங்கே நகர்ந்தார்கள். தென் சென்னையில் 1996 முதல் தொடர்ந்து வென்ற டி. ஆர். பாலு, தம் பழைய தொகுதியிலிருந்து பிரிந்த தாம்பரம், ஆலந்தூர் வாக்காளர்களைத் தொடர்ந்து வந்ததுபோல 2009-ல் ஸ்ரீபெரும்புதூரில் நின்றார். எதிரே ஏ. கே. மூர்த்தி, இம்முறை அதிமுக அணியில். பாலு ஏறத்தாழ 25,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2014-ல் அதே தொகுதியில் திமுக சார்பில் நின்று அதிமுகவின் கே. என். ராமச்சந்திரனிடம் தோற்றவர் ஜெகத்ரட்சகன். முப்பது ஆண்டுக்கு முன் செங்கல்பட்டின் அதிமுக எம்.பி.யாக இருந்தவர். 2019-லும் 2024-லும் பாலுவே வென்றார். 2024-ல் 23 லட்சத்துக்கு மேல் வாக்காளர்களைக் கொண்டிருந்த ஸ்ரீபெரும்புதூர், தமிழ்நாட்டின் மிகப் பெரிய மக்களவைத் தொகுதி. மறுசீரமைப்பு தீர்க்க வந்த ஏற்றத்தாழ்வு பதினைந்து ஆண்டில் வேறு பெயரில் வளர்ந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் 2009-ல் காங்கிரஸின் பி. விஸ்வநாதனும், 2014-ல் அதிமுகவின் கே. மரகதம் குமரவேலும், அடுத்த இரண்டு தேர்தல்களில் திமுகவின் ஜி. செல்வமும் வென்றார்கள். மரகதம், இந்த நிலப்பரப்பு மக்களவைக்கு அனுப்பிய முதல் பெண்.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது. 2021-ல் தாம்பரம் அதற்குள் மாநகராட்சியானது. மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் சோழிங்கநல்லூர் தென் சென்னைக்கும், பல்லாவரமும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்கும், செங்கல்பட்டு உள்ளிட்ட மற்ற நான்கும் காஞ்சிபுரத்துக்கும் வாக்களிக்கின்றன.